கொட்டைக்குள் இருக்கும் எண்ணெய்: முந்திரி, கடலை, தேங்காய்ச் சமையலுக்கு ஓர் எளிய அறிமுகம்

கல்யாணப் பந்தியில் தேங்காய்ப்பால் பாயசமான பிரதமன் திரிந்துவிட்டால் தேங்காய் மோசம் என்பார்கள். வீட்டில் செய்த முந்திரி கேக்கில் எண்ணெய் கசிந்தால் நெய் கூடிவிட்டது என்பார்கள். வறுத்த தேங்காய் அரைத்து வைக்கும் புளிக்குழம்பான தீயல் நிறமில்லாமல் வெளுத்துக் கிடந்தால் பழி மல்லிப்பொடிக்குப் போகும். குருமா ஆறியதும் இறுகிவிட்டால், முந்திரியில் கொழுப்பு அதிகம், அது உறைந்துவிட்டது என்று ஒரு விளக்கம் வரும். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரை எந்த அடுக்களையிலும் இந்தப் பேச்சுகளைக் கேட்கலாம். நன்றாகச் சமைப்பவர்களும் இப்படித்தான் சொல்கிறார்கள். அவர்கள் கைக்கு விஷயம் தெரியும், காரணம் கேட்டால்தான் பிசகிவிடும்.

கைப்பழக்கம் உள்ளவர்களுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் பண்டம் சரியாக வந்துவிடும். புதிதாக அடுப்படிக்கு வருகிறவர்களுக்கு அப்படியில்லை. தவறான காரணத்தை நம்பி நெய்யைக் குறைப்பார்கள், பொடியை மாற்றுவார்கள், அடுத்த முறையும் கேக் கசியும். அவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். முந்திரி, நிலக்கடலை, பாதாம், தேங்காய் என எதை எடுத்தாலும், இனிப்போ காரமோ எதைச் செய்தாலும், ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அதிலுள்ள எண்ணெய் இப்போது உள்ளே இருக்கிறதா, வெளியே வந்துவிட்டதா?

எவையெல்லாம் இதில் சேரும்?

தாவரவியல்படி பார்த்தால் இவை ஒரே குடும்பம் இல்லை. நிலக்கடலை பயறு வகை, மண்ணுக்குள் காய்க்கிறது. முந்திரி பிரேசிலிலிருந்து 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்த மரம். நாம் கொல்லாம்பழம் என்று கடித்துத் தின்பது அதன் வீங்கிய காம்பு. கீழே தொங்கும் கொட்டைதான் உண்மையான கனி. தேங்காயோ மாங்காய் சேர்ந்த அதே கனி வகையைச் சேர்ந்தது.

அடுக்களைக்கு இந்தப் பிரிவினை வேண்டாம். இவை எல்லாமே தங்கள் முளைக்குத் தேவையான உணவை எண்ணெயாகச் சேர்த்து வைத்திருக்கும் விதைகள். நெல்லும் கோதுமையும் மாவாகச் சேர்க்கின்றன, இவை எண்ணெயாகச் சேர்க்கின்றன. நூறு கிராம் நிலக்கடலையில் ஏறக்குறைய 49 கிராம் கொழுப்பு, 26 கிராம் புரதம். முந்திரியில் கொழுப்பு 44 கிராம், புரதம் 18 கிராம். அதோடு 20 கிராமுக்கு மேல் மாவுச்சத்தும் இருக்கிறது. பாதாமில் பாதி கொழுப்பு, மாவுச்சத்து அனேகமாக இல்லை, அதற்குப் பதில் நார் அதிகம். துருவிய பச்சைத் தேங்காயில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, கிட்டத்தட்டப் பாதி தண்ணீர். இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். முந்திரியில் மாவு உண்டு, பாதாமில் இல்லை, தேங்காயில் தண்ணீர் அதிகம் என்ற மூன்றை மட்டும் நினைவில் வைத்தால் போதும்.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். "முந்திரியில் கொலஸ்ட்ரால் இருக்கு, சேர்க்காதே" என்று வயதானவர்களைப் பயமுறுத்துகிறார்கள். கொலஸ்ட்ரால் விலங்குகளின் உடலில் உருவாகும் பொருள். முந்திரியிலோ கடலையிலோ தேங்காயிலோ கணக்கில் எடுக்கும் அளவுக்கு அது கிடையாது. தேங்காயின் கொழுப்பில் பத்தில் ஒன்பது பங்கு நிறைவுற்ற கொழுப்பு என்பது உண்மை. அதை அளவாகச் சேர்க்கச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முந்திரியின் கொழுப்பில் பெரும்பங்கு ஒலியிக் அமிலம் என்ற நிறைவுறாத கொழுப்பு. அது வேறு வகை.

தேனடை போன்ற அமைப்பு

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர்த் தோட்டங்களில் பெட்டி வைத்துத் தேன் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டியிலிருந்து எடுத்த அடையைக் கவிழ்த்துப் பிடித்தாலும் தேன் சிந்தாது. கையில் எடுத்தால் எடை தெரியும், உள்ளே அவ்வளவு தேன் இருக்கிறது, ஆனால் வெளியே ஒட்டுவதில்லை. ஒவ்வொரு அறையையும் தேனீ மெழுகு வைத்து மூடியிருக்கிறது. மூடியைச் சீவினால், அல்லது அடையை நசுக்கினால், அப்போதுதான் தேன் ஓடும். வெயிலில் வைத்தால் மெழுகு இளகி, லேசாகத் தொட்டாலே கசியும்.

முந்திரியை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள். எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய், இருந்தும் விரல் நனைவதில்லை. அதற்குள்ளும் அறைகள் இருக்கின்றன. அந்த அறைக்குச் செல் என்று பெயர். செல்லைச் சுற்றி நாரால் ஆன சுவர். உள்ளே எண்ணெய் ஒரே குளமாகத் தேங்கி நிற்காமல், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்துளிகளாகப் பிரிந்திருக்கிறது. ஒவ்வொரு துளியையும் புரதம் கலந்த மெல்லிய உறை போர்த்தியிருக்கும். உறையோடு கூடிய அந்தத் துளியை இந்தக் கட்டுரையில் எண்ணெய்ப் பை என்று சொல்கிறேன். தேனடைக்கு ஒரு காப்புதான், கொட்டைக்கு இரண்டு: வெளியே சுவர், உள்ளே பை.

எண்ணெய் வெளியே வர இந்த இரண்டும் உடைய வேண்டும். உடைப்பவை அரைப்பதும் இடிப்பதும். உடைய வசதி செய்து கொடுப்பது சூடு. வறுத்த கடலை பச்சைக் கடலையைவிடச் சீக்கிரம் எண்ணெய் விடுவதற்கு அதுதான் காரணம். வெளியே வந்த எண்ணெய் என்ன ஆகும் என்பதைத் தீர்மானிப்பது பக்கத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது.

இதுவரை சொன்னது இவ்வளவுதான். எண்ணெய் பைகளில் அடைபட்டிருக்கிறது. சூடும் அரைப்பும் பையை உடைக்கின்றன. பிறகு நடப்பது தண்ணீரைப் பொறுத்தது.

வறுக்கும்போது: தண்ணீர் போன பிறகுதான் நிறம்

வறுத்த கடலையின் மணம் பச்சைக் கடலையில் கிடையாது. அந்த மணம் உள்ளே ஒளிந்திருந்து வெளியே வருவதாகப் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது சட்டியில் புதிதாகப் பிறக்கிறது. கொட்டையில் உள்ள புரதத்தின் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் ஒன்றோடொன்று வினைபுரிந்து, பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப்பொருட்களையும் உண்டாக்குகின்றன. 1912இல் இதை விவரித்த பிரெஞ்சு அறிவியலாளர் லூயி கமில் மய்யாரின் பெயரால் இதை மய்யார் வினை என்கிறார்கள். தோசை முறுகுவதும் ரொட்டி சிவப்பதும் இதே வினைதான்.

இந்த வினை நல்ல வேகம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100ஐத் தாண்டி அதிகம் ஏறாது. அவித்த கடலை எவ்வளவு நேரம் வெந்தாலும் சிவக்காததற்குக் காரணம் இதுதான்.

தீயலுக்குத் தேங்காய் வறுப்பவர்கள் இதைக் கண்ணால் பார்க்கிறார்கள். 1956இல் மாநில எல்லை மாறினாலும் குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரம் பக்கத்திலும் தீயல் ஒரே தீயல்தான். துருவிய தேங்காயைச் சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), கறிவேப்பிலையோடு சேர்த்துச் சட்டியில் போட்டுக் கிளறுகிறோம். முதலில் வெகுநேரம் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். ஆவி மட்டும் வந்துகொண்டிருக்கும், துருவல் வெள்ளையாகவே கிடக்கும். பொறுமை இழந்து தீயைக் கூட்டுவது இந்தக் கட்டத்தில்தான். பாதித் தண்ணீராக இருந்த துருவல் அப்போது ஈரத்தை விட்டுக்கொண்டிருக்கிறது. ஈரம் தீர்ந்ததும் சூடு சட்டென்று ஏறும். அதன் பிறகு வெள்ளை பொன்னாகவும் பொன் பழுப்பாகவும் மாற அதிக நேரம் ஆகாது, பழுப்பு கருப்பாகச் சில நொடிகள் போதும். தீயைக் கூட்டியவர்களுக்குத் துருவலின் ஓரம் கருகி நடு வெளுத்திருக்கும். அரைத்தால் கசப்பும் வரும், நிறமும் வராது. மல்லிப்பொடியை எத்தனை முறை மாற்றினாலும் இது சரியாகாது.

எனவே தீயலுக்குத் தேங்காய் ஒரே அளவாகத் துருவப்பட்டிருக்க வேண்டும், தீ கடைசிவரை சிறியதாக இருக்க வேண்டும், கை ஓயக் கூடாது. மிளகாய்ப்பொடி, மல்லிப்பொடி, மஞ்சள்பொடி மூன்றையும் அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே பிரட்ட வேண்டும். பொடிக்கு ஈரமும் இல்லை, கனமும் இல்லை. தீ மேல் இருந்தால் உடனே கருகும்.

இதே விதி முந்திரிக்கும். பாயசத்துக்கு நெய்யில் முந்திரி வறுக்கும்போது உங்களுக்குப் பிடித்த நிறம் வருவதற்கு ஒரு படி முன்பே கரண்டியால் அள்ளித் தட்டில் பரப்பிவிடுங்கள். உள்ளே தங்கிய சூடு மிச்ச வேலையைப் பார்க்கும். சட்டியில் நிறம் பார்த்து எடுத்தவர்களின் முந்திரி தட்டில் கருத்திருக்கும். அடுப்பிலிருந்து எடுத்த உடனே கடித்துப் பார்த்து, மொறுமொறுப்பு இல்லையே என்று மறுபடியும் சட்டியில் போடுவதும் வழக்கம். சூடாக இருக்கும்போது எந்தக் கொட்டையும் கொஞ்சம் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் முறுகும்.

அரைக்கும்போது: இரண்டு பாதைகள்

ஒரு கொட்டையை இரண்டு விதமாக அரைக்கலாம். தண்ணீர் விடாமல் ஒன்று, தண்ணீர் விட்டு ஒன்று. பலரும் இதை வெறும் வசதி சார்ந்த விஷயமாக நினைக்கிறார்கள். மிக்ஸி சுற்றவில்லையென்றால் கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான் என்று. ஆனால் இரண்டும் இரண்டு வெவ்வேறு பொருளைத் தருகின்றன.

தண்ணீர் விடாமல் அரைத்தால் முதலில் பொடி வரும். மேலும் ஓட்டினால் பொடி பக்கங்களில் ஒட்டும், பிறகு உருண்டையாகும், கடைசியில் பளபளவென்று இளகிய விழுதாகும். பைகள் உடைந்து வெளியே வந்த எண்ணெயில் மற்றதெல்லாம் மிதக்கும் நிலை அது. தீயலுக்கு வறுத்த தேங்காயை எண்ணெய் பிரிய அரைக்க வேண்டும் என்று மூத்தவர்கள் சொல்வது இந்தப் பாதைதான். மசாலாவின் மணமும் நிறமும் பெரும்பாலும் எண்ணெயில் கரைபவை. வெளியே வந்த தேங்காய் எண்ணெய் அவற்றை வாங்கிக்கொண்டு, புளிக்கரைசலில் கொதிக்கும்போது குழம்பு முழுக்கப் பரப்புகிறது. தீயலின் மேலே கருஞ்சிவப்பாகப் படரும் எண்ணெய் நீங்கள் ஊற்றியது இல்லை, தேங்காய் விட்டது. தீயல் விழுதுக்கு அரைக்கும்போதே தண்ணீர் விடுவதை நான் ஏற்க மாட்டேன். அவசரத்துக்கு அப்படிச் செய்த தீயல் சாம்பார்போல் ஆகிவிடும். அம்மியில் அரைத்தால் இன்னும் நல்லது, இல்லாதவர்கள் மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டலாம்.

தண்ணீர் விட்டு அரைத்தால் நடப்பது வேறு. பைகளிலிருந்து வரும் எண்ணெய் உடனே தண்ணீரைச் சந்திக்கிறது. இரண்டும் சேராது என்று நமக்குத் தெரியும். ஆனால் கொட்டையின் புரதம் ஒவ்வொரு எண்ணெய்த் துளியையும் சுற்றிக்கொண்டு, துளிகள் ஒன்றுசேராமல் தடுக்கிறது. இப்படி எண்ணெய் நுண்துளிகளாகத் தண்ணீருக்குள் நிற்கும் கலவைக்குப் பால்மம் என்று பெயர். தேங்காய்ப்பால், பாதாம் பால், முந்திரி விழுது எல்லாம் பால்மங்கள். அவை வெண்மையாகத் தெரிவதற்குக் காரணம் அந்தத் துளிகள் ஒளியைச் சிதறடிப்பதுதான்.

இரண்டு பாதைக்கும் நடுவில் ஒரு குழி இருக்கிறது. கடலைச் சட்னி அரைப்பவர்கள் அடிக்கடி அதில் விழுகிறார்கள். தண்ணீர் விடாமல் எண்ணெய் பிரியுமளவு அரைத்துவிட்டு, இளகட்டும் என்று ஒரு கரண்டி தண்ணீர் விட்டால் விழுது இளகாமல் கல்லாக இறுகும். சிறிதளவு தண்ணீர் கிடைத்ததும் அதிலுள்ள புரதமும் மாவும் அதை உறிஞ்சி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பயப்பட வேண்டாம். இன்னும் தண்ணீர் விட்டு ஓட்டிக்கொண்டே இருங்கள். ஒரு கட்டத்தில் திடீரென்று வெளுத்து, வழுவழுவென்று சட்னியாகிவிடும். பால்மம் உருவான நேரம் அது.

சுருக்கிச் சொன்னால், எண்ணெய் வெளியே தெரிய வேண்டிய பண்டத்துக்குத் தண்ணீரில்லாமல் அரைக்க வேண்டும், எண்ணெய் மறைந்து வழுவழுப்பாக வர வேண்டிய பண்டத்துக்குத் தண்ணீரோடு அரைக்க வேண்டும்.

குருமா ஏன் கெட்டியாகிறது?

முந்திரி விழுது ஊற்றியதும் குழம்பு கெட்டியாவதற்குக் கொழுப்புதான் காரணமென்றால், அதைவிடக் கொழுப்பு அதிகமுள்ள பாதாமும் கடலையும் இன்னும் கெட்டியாக்க வேண்டும். அப்படி நடப்பதில்லை. முந்திரியில் உள்ள மாவுச்சத்துதான் இதைச் செய்கிறது. மாவின் துகள்கள் ஏறக்குறைய 60 முதல் 80 டிகிரிச் சூட்டில் தண்ணீரை உறிஞ்சிப் பெருத்து, குழம்பை வழுவழுப்பாகப் பிடித்துக்கொள்கின்றன. கஞ்சி கெட்டியாவதும் இப்படித்தான். ஆறினால் கஞ்சி மேலும் இறுகுகிறதல்லவா? குருமாவும் அதே காரணத்தால் இறுகுகிறது. கொழுப்பு உறைந்துவிட்டது என்று பொருளில்லை. பரிமாறும் முன் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சூடாக்கினால் திரும்பி வரும்.

இதிலிருந்து செய்முறை தானாகக் கிடைக்கும். முந்திரியை வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, குழம்பு வெந்து முடியும் நேரத்தில் சேருங்கள். சேர்த்த பிறகு சிறு தீயில் சில நிமிடம் கொதித்தால் போதும். முதலிலேயே சேர்த்தால் மாவு அடியில் போய் ஒட்டிப் பிடிக்கும். நால்வர் சாப்பிடும் குருமாவுக்குப் பத்துப் பன்னிரண்டு முந்திரி தாராளம். ஓட்டல்களில் எதற்கெடுத்தாலும் முந்திரி விழுதைக் கரண்டி கரண்டியாகச் சேர்க்கிறார்கள். காய்கறியின் சுவை எல்லாம் அதற்குள் முங்கிப்போகிறது, எல்லாக் குழம்பும் ஒரே ருசியாகிவிடுகிறது. அவியலுக்கும் ஓலனுக்கும் அது வேண்டவே வேண்டாம்.

முந்திரி காய்க்கும் மாசி, பங்குனி மாதங்களில் பிஞ்சுக் கொட்டையைக் கீறி எடுத்த பச்சைப் பருப்பில் தேங்காய் அரைத்துக் கூட்டு வைப்பார்கள். இளம்பயறு போல் மெத்தென்று வேகும். ஆனால் தோலை வெறுங்கையால் உரிக்க வேண்டாம். ஓட்டில் உள்ள பால் கையைப் பொத்துவிடும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கத்தியால் கீறுவதுதான் வழக்கம். பிள்ளைகள் முற்றிய கொட்டையைத் தீயில் போட்டுச் சுடும்போதும் அருகில் பெரியவர்கள் இருக்க வேண்டும். ஓட்டெண்ணெய் பொறி பறக்க எரியும், புகை கண்ணையும் தோலையும் எரிக்கும்.

தேங்காய்ப்பால் ஏன் திரிகிறது?

தேங்காய்ப்பால் ஒரு பால்மம் என்று பார்த்தோம். அதைத் தாங்கி நிற்பது கொஞ்சமே கொஞ்சம் புரதம். சுமார் 80 டிகிரியைத் தாண்டினால் அந்தப் புரதம் இறுகி, துளிகளை விட்டுவிடும். காவலற்ற துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து எண்ணெயாக மேலே வரும், புரதம் திப்பி திப்பியாக நிற்கும். திரிந்தது என்கிறோம். தேங்காய் மோசமாக இருக்க வேண்டியதில்லை, நல்ல தேங்காயும் தளதளவென்று கொதித்தால் திரியும்.

அரிசிமாவு அடையில் செய்யும் அடைப்பிரதமனில் மூன்றாம் பாலிலும் இரண்டாம் பாலிலும் அடையை வேகவைத்து, ஒன்றாம் பாலை மட்டும் கடைசியில் ஊற்றி, ஒரு ஆவி வந்ததும் உருளியை இறக்குவது ஏன் என்று இப்போது புரியும். பின்பால்களில் கொழுப்பு குறைவு, கொதித்தாலும் இழப்பதற்கு அதிகமில்லை. கெட்டியான ஒன்றாம் பாலில்தான் எண்ணெய் முழுக்க இருக்கிறது. அதற்குள் அடையின் மாவு கரைந்து பாயசம் சற்றுக் கெட்டியாகியிருப்பதால் துளிகள் நகர்ந்து சேர்வதும் கடினமாகும்.

திரிவது எப்போதும் குற்றமும் ஆகாது. குழந்தைகளுக்குத் தேய்த்துக் குளிப்பாட்ட உருக்கெண்ணெய் எடுப்பவர்கள் வேண்டுமென்றே தேங்காய்ப்பாலை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுத் திரித்துத்தான் எண்ணெயைப் பிரிக்கிறார்கள். பிரதமனில் தவிர்க்கும் அதே நிகழ்வு அங்கே வேலையாகிறது.

இனிப்பில்: எண்ணெயும் பாகும்

முந்திரி கேக், அதாவது காஜு கத்லி, எண்ணெயை உள்ளேயே வைத்திருக்க வேண்டிய பண்டம். அது கசிவதற்குப் பெரும்பாலும் காரணம் நெய் இல்லை, மிக்ஸி. முந்திரியை நிறுத்தாமல் ஓட்டினால் பிளேடின் சூட்டில் பைகள் உடைந்து பொடி பிசுபிசுக்கும். விட்டு விட்டு ஓட்டி, பொடி உதிரியாக இருக்கும்போதே நிறுத்திச் சலித்துக்கொள்ள வேண்டும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முந்திரியை உடனே அரைக்கவும் கூடாது. குளிர்ந்த பருப்பின் மேல் காற்றின் ஈரம் படிந்து பொடி கட்டிப்படும்.

இரண்டு பங்கு முந்திரிப் பொடிக்கு ஒரு பங்கு சர்க்கரை, அரைப் பங்கு தண்ணீர். சர்க்கரை கரைந்து ஒற்றைக் கம்பிப் பதம் வந்ததும் பொடியைச் சேர்த்துச் சிறு தீயில் கிளற வேண்டும். பாகு என்பது சர்க்கரையின் அடர்ந்த கரைசல். கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் குறைந்து, அதன் கொதிநிலை 100ஐத் தாண்டி மேலே போகும். பதம் என்று நாம் விரலால் பார்ப்பது இன்னும் எவ்வளவு தண்ணீர் மிஞ்சியிருக்கிறது என்பதைத்தான். பதம் முந்தினால் கேக் சப்பாத்தி மாவுபோல் ஒட்டும், பிந்தினால் உதிரும். சட்டியை விட்டு மாவு சுருண்டு வந்ததும் இறக்கிவிடுங்கள். அதற்கு மேல் கிளறினாலும், கையால் வெகுநேரம் பிசைந்தாலும் எண்ணெய் வெளியே வரும். வந்துவிட்டால் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பால் தெளித்து மென்மையாகப் பிசைந்தால், தண்ணீரும் புரதமும் கிடைத்து எண்ணெய் திரும்பவும் துளிகளாக அடங்கும்.

கடலை மிட்டாய்க்குக் கணக்கு தலைகீழ். அங்கே கொட்டையை அரைப்பதே இல்லை. எண்ணெய் தன் பைகளிலேயே இருக்கிறது. பிரச்சினை முழுக்க ஈரத்தில். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயைக் கடித்தால் படீரென்று உடைகிறதல்லவா? வெல்லப் பாகு அதில் கண்ணாடிபோல் இறுகியிருக்கிறது. அந்த நிலைக்குப் பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால், எடுத்துத் தட்டும்போது டங்கென்று ஓசை கேட்க வேண்டும். கடலையில் ஈரம் மிச்சமிருந்தால் அது பாகுக்குள் ஏறி, மறுநாளே மிட்டாய் பல்லில் ஒட்டும். கடலையை நன்றாக வறுத்துத் தோல் நீக்கி, பாகில் சேர்க்கும்போது வெதுவெதுப்பாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த கடலை பட்டால் பாகு கலப்பதற்குள் இறுகிவிடும். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், வெல்லமோ ஈரத்தை இழுக்கும். நம் ஊரில் செய்த மிட்டாயை ஆறிய உடனே காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும்.

பாயசத்தின் முந்திரியைப் பரிமாறும் நேரத்தில் சேர்ப்பதும் ஈரத்துக்குப் பயந்துதான்.

வாங்குவதும் வைப்பதும்

கொல்லத்தில் வேரூன்றிய முந்திரித் தொழில் எல்லை தாண்டி விளவங்கோடு, கல்குளம் பக்கமும் பரவியது. அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் பெண்கள் இல்லாத தெரு இங்கே குறைவு. கொட்டையை ஆவியிலோ தீயிலோ சூடாக்கி, ஓட்டை உடைத்து, பருப்பை உலர்த்தி, தோல் நீக்கித் தரம் பிரிக்கிறார்கள். கடையில் 'பச்சை முந்திரி' என்று வாங்குவதும் இப்படி ஒருமுறை சூடு கண்ட பருப்புதான். டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டில், அதாவது சுமார் 454 கிராமில், ஏறக்குறைய 320 முழுப் பருப்பு இருக்கும் என்று அர்த்தம். டபிள்யூ 240, டபிள்யூ 180 இன்னும் பெரியவை, விலையும் கூடுதல். ருசிக்கும் இந்த எண்ணுக்கும் தொடர்பில்லை. அலங்காரத்துக்கு முழுப் பருப்பு வாங்குங்கள். அரைக்கப்போகும் குருமாவுக்கும் கேக்குக்கும் உடைந்த பருப்பு போதும், காசு மிச்சமாகும்.

கொட்டை பழசானால் வரும் சிக்கு வாடை, எண்ணெய் காற்றோடு வினைபுரிவதால் வருவது. பை உடையாதவரை காற்று எட்டுவது கடினம். அதனால் முழுக்கொட்டை வெகுநாள் தாங்கும், துண்டு அதைவிடக் குறைவு, பொடி மிகக் குறைவு. வறுத்ததும் அப்படியே, சூட்டில் பைகள் பலவீனப்பட்டுவிட்டன. தேவைப்படும் அன்றே வறுத்து, அன்றே பொடித்துக்கொள்வது நல்லது. மிச்சத்தைக் காற்றுப்புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வைக்கலாம். வால்நட்டின் எண்ணெய் இந்த வகையில் மிகவும் எளிதில் கெடும், அதை வெளியே வைக்கவே வேண்டாம். சிக்கு வாடை வந்த கொட்டையை வறுத்துச் சரிசெய்ய முடியாது.

பூஞ்சை பிடித்த கடலை இதைவிடப் பெரிய விஷயம். நிலக்கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும். அது கல்லீரலைப் பாதிப்பது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைத் தின்று இறந்தபோதுதான் இந்த நஞ்சு அடையாளம் காணப்பட்டது. வீட்டில் வறுப்பதாலோ அவிப்பதாலோ இது முழுமையாக அழியாது. சுருங்கிய, நிறம் மாறிய, பச்சையோ கருப்போ படர்ந்த மணிகளைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள், கழுவி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வாயில் ஒரு கசப்புக் கடலை அகப்பட்டால் விழுங்காமல் துப்பிவிடலாம்.

விருந்துக்குச் சமைப்பவர்களுக்கு ஒன்று. சிலருக்கு நிலக்கடலையோ முந்திரியோ கொஞ்சம் பட்டாலே உதடு வீங்கும், மூச்சு அடைக்கும். அது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. விழுதாக அரைத்துக் கலந்த முந்திரி கண்ணுக்குத் தெரியாது. எந்தக் குழம்பில் எந்தக் கொட்டை இருக்கிறது என்பதை இலையில் விளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.